கரும்புத் தொட்டிலின் முன்பக்கம்

தம்பி,

நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்கப் போவதில்லை. போனில் தினமும் அதைத்தான் கேட்கிறேன், நீயும் ‘இருக்கேம்மா’ என்று சொல்லி வைத்துவிடுகிறாய். இங்கே எனக்குச் சர்க்கரை ஜாஸ்தி, உன் அப்பாவுக்கு முழங்கால் வலி ஜாஸ்தி, உன் மகளுக்கு எச்சில் ஜாஸ்தி. மற்றபடி எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. இதை எழுதி முடித்ததும் மருமகள் சத்யாவிடம் கொடுத்து, போட்டோ எடுத்து உனக்கு அனுப்பச் சொல்வேன். போனிலேயே சொல்லக்கூடாதா என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால்தான்.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதைப் பற்றித்தான் எழுதுகிறேன். தீபத் திருவிழாக் கொடியேற்றத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது, தேர் அன்று குழந்தைக்குக் கரும்புத் தொட்டில் தூக்க வேண்டும், எப்போது வருகிறாய் என்று கேட்டேன். “கம்பெனில புது லைன் ஓட்டப் போறாங்கம்மா. இப்பப் போய் லீவு கேட்டா நல்லா இருக்காது. அப்பா முன்னாடி தூக்கட்டும், சத்யா பின்னாடி தூக்கட்டும். நீ வீடியோல காட்டு, நான் பாத்துக்கறேன்” என்றாய். அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். “அப்பாவை இந்த வாட்டியாவது நேரா நடக்கச் சொல்லு” என்று சொல்லிச் சிரித்தாய். போன் ஸ்பீக்கரில் இருந்தது. உன் அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவரும் சிரித்தார். பிறகு எழுந்து போய், ஏற்கெனவே மூடியிருந்த மோட்டார் ரூமை இன்னொரு முறை மூடிவிட்டு வந்தார்.

உன் அப்பா கரும்புத் தொட்டிலைத் தூக்கிக்கொண்டு மாட வீதியில் பின்பக்கமாக நடந்த கதையை நீ எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாய் என்று தெரியாது. உன் கல்யாணத்தில் உன் சிநேகிதர்களிடம் சொன்னாய். வளைகாப்பில் சத்யா வீட்டாரிடம் சொன்னாய். ‘மிலிட்டரி டிரைவர், ரிவர்ஸ்லயே ஊர்வலம் வந்தவர்’ என்று நீ சொல்லும்போது எனக்கும் சிரிப்பு வரும், நீ சொல்லும் விதம் அப்படி. ஆனால் அந்தக் கதையில் உனக்குத் தெரிந்தது பாதிதான். மீதியை உன் அப்பா தானாக உனக்குச் சொல்ல மாட்டார். சொல்லாமலே இருக்கலாம் என்றுதான் நானும் இவ்வளவு காலம் இருந்தேன். இனிமேல் இருக்க முடியாது போலிருக்கிறது.

எனக்குக் கல்யாணம் ஆனபோது உன் அப்பா மிலிட்டரியில் லாரி டிரைவர். விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, டிராக்டர் ஓட்டத் தெரியும், வேலூரில் ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, ஓடிக் காட்டிச் சேர்ந்துவிட்டார். அவருக்கு நாட்டைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்ததா என்று ஒருமுறை கேட்டேன். “சோறு போடுவாங்கன்னு போனேன். நாடு அப்புறம் வந்துச்சு” என்றார். வருஷத்துக்கு இரண்டு மாசம் லீவு. அந்த இரண்டு மாசத்தில் அறுப்பு, உறவுக்காரர் கல்யாணம், வீட்டுக்கு ஓடு மாற்றுவது எல்லாம் போக மிச்சம் எனக்கு. எங்களுக்குப் பிள்ளை இல்லை என்று ஊர் பேசியதே தவிர, எனக்குப் புருஷனே வருஷத்தில் இரண்டு மாசம்தான் என்று யாரும் பேசவில்லை. அந்த நாளில்தான் கோயில் வாசலில் நின்று, பிள்ளை பிறந்தால் நாங்கள் இரண்டு பேரும் கரும்புத் தொட்டில் தூக்குகிறோம் என்று வேண்டிக்கொண்டேன். இரண்டு கரும்புக்கு நடுவே மஞ்சள் சேலையைக் கட்டி, அதில் பிள்ளையைப் போட்டு, முன்பக்கம் புருஷன் தோள், பின்பக்கம் பெண்டாட்டி தோள், நாலு மாட வீதியும் சுற்றி வருவது. இந்த ஊரில் பிறந்த உனக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் முன்பக்கத்துக்கு ஆள் வேண்டும் என்பது உனக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது.

நீ பிறந்தாய். முதல் தீபத்துக்கு வருவதாக லீவு வாங்கி டிக்கெட்டும் எடுத்துவிட்டார். யூனிட் வேறு இடத்துக்குப் போகிறது என்று கடைசியில் நிறுத்திவிட்டார்கள். அடுத்த கோடையில் கார்கில் சண்டை வந்தது. அப்போது நாம் இந்த வேங்கிக்கால் வீட்டுக்கு வரவில்லை, பெரிய தெருவுக்குப் பின்னால் வாடகை வீடு. எதிர்வீட்டில் டி.வி. இருந்தது. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் நின்று பார்ப்பேன். பீரங்கியைக் காட்டினார்கள், மலை ஏறுகிறவர்களைக் காட்டினார்கள், கொடி போர்த்திய பெட்டிகளைக் காட்டினார்கள். லாரியை யாரும் காட்டவில்லை. அவர் ஓட்டுவது மாவும் மண்ணெண்ணெயும் குண்டும் ஏற்றிப் போகிற லாரி. அதை எதற்குக் காட்டுவார்கள்? எதிர்வீட்டு அம்மா, “உங்க வீட்டுக்காரரு டிரைவர்தானே, அவருக்கு ஒண்ணும் ஆகாது” என்று எனக்கு ஆறுதல் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். அப்போது உன் அப்பாவிடமிருந்து வந்த ஒரே கடிதத்தில் குளிர் ஜாஸ்தி என்றும், வண்டி நன்றாக ஓடுகிறது என்றும் எழுதியிருந்தார். எனக்கு அந்த வண்டியின் மேல் அவ்வளவு எரிச்சல் வந்தது.

சண்டை முடிந்தது. ஆனாலும் அந்த வருஷத் தீபத்துக்கும் அவரை அனுப்பவில்லை, பொங்கல் கழிந்துதான் வந்தார். நீ அவரை ‘மிலிட்டரி மாமா’ என்று கூப்பிட்டாய். தெருப் பிள்ளைகள் அப்படிக் கூப்பிட்டார்கள், நீயும் கூப்பிட்டாய். அவர் தூக்க வந்தால் என் சேலைக்குள் ஒளிவாய். அதற்குப் பிறகும் ஒரு வருஷம் அவர் லீவு தங்கை கல்யாணத்துக்குப் போனது, ஒரு வருஷம் எல்லையில் மறுபடியும் பதற்றம் என்று எல்லோருடைய லீவையும் நிறுத்திவிட்டார்கள். என் அண்ணன், உன் மாமா, அவரே வந்து, “நான் தாய்மாமன்தானே, நான் முன்னாடி தூக்கறேன், வேண்டுதலை முடிச்சுடு” என்றார். மாட்டேன் என்றேன். இரண்டு பேரும் என்று சொல்லி வேண்டிக்கொண்டது, இரண்டு பேரும்தான் தூக்குவோம் என்று பிடிவாதமாக இருந்தேன். சாமி கோபித்துக்கொள்ளும் என்ற பயம் எனக்கு அவ்வளவாக இல்லை. அந்த முன்பக்கத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டால், அவர் இல்லாமலே எல்லாம் நடந்துவிடும் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

கடைசியில் அவர் தீபத்துக்கு வந்தபோது உனக்கு ஐந்தாவது வயது நடந்துகொண்டிருந்தது. தொட்டிலில் போடுகிற வயதா அது? கைக்குழந்தைகளுக்கு நடுவே, சேலைக்கு வெளியே இரண்டு காலும் தொங்க, நீ அழுத அழுகையைக் கேட்டுக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் முன்னால், நான் பின்னால். தேரடியில் ஆரம்பித்தோம். நீ ‘அம்மா, மாமா வேணாம்’ என்று கத்திக்கொண்டே வந்தாய். அவர் நடந்துகொண்டே இருந்தார். திருவூடல் தெருவுக்குத் திரும்பியபோது, கத்திக் கத்திக் களைத்துப்போய், நீ அப்படியே தூங்கிவிட்டாய். உன் அழுகை நின்றது. அவரும் நின்றார்.

நடுத்தெருவில் நின்றுவிட்டார். பின்னால் வருகிறவர்கள் என் மேல் மோதினார்கள். “ஏங்க, நடங்க” என்றேன். தலையைத் திருப்பாமலே, “பையன் இன்னா ஆனான்?” என்று கேட்டார். அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. “தூங்கிட்டான்” என்றேன். அவர் நம்பவில்லை. கரும்பைத் தோளிலிருந்து இறக்கி, கையில் பிடித்தபடியே உன் பக்கம் திரும்பி, உன் முகத்தைப் பார்த்தார். பிறகு கரும்பை மறுபடி தோளில் வைத்துக்கொண்டு, உன்னைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தார். எனக்கு அவமானமாகிவிட்டது. இவ்வளவு வருஷம் காத்திருந்து, ஊரே பார்க்கிற நாளில் இந்த மனுஷன் இப்படிச் செய்கிறாரே என்று, “இன்னாங்க இது, ஜனங்க சிரிக்கறாங்க, திரும்பி நடங்க” என்று அத்தனை பேர் நடுவிலும் திட்டினேன். “நீ வழி சொல்லு, நான் வரேன்” என்றார். அவ்வளவுதான். பே கோபுரத் தெரு முழுக்க நான், ‘இடது பக்கம், குழி இருக்குது, மாடு நிக்குது, வாங்க வாங்க’ என்று லாரி கிளீனர் மாதிரி சொல்லிக்கொண்டே வந்தேன். நீ இப்போது சொல்லிச் சிரிக்கிற ரிவர்ஸ் அதுதான். பெரிய தெருவில் நீ கண் விழித்தாய். விழித்ததும் பார்த்தது அவர் முகம். ஏனோ அழவில்லை. “நீ ஏன் பின்னால போறே?” என்று கேட்டாய். “உன்னைப் பாக்கத்தான்” என்றார். நீயாக அவரிடம் பேசிய முதல் பேச்சு அது. எனக்கு இன்றைக்கும் அது காதில் இருக்கிறது.

அப்புறம் அவர் பென்ஷன் வாங்கிக்கொண்டு வந்ததும், வேங்கிக்காலில் இந்த வீட்டைக் கட்டியதும், பள்ளிக்கூட வேன் ஓட்டியதும் உனக்குத் தெரியும். மற்ற டிரைவர்கள் எல்லாம் ‘சத்தம் போடாதீங்க’ என்று பிள்ளைகளை அதட்டுவார்கள். உன் அப்பா வேனில் சத்தம் குறைந்தால், “இன்னாடா, பின்னாடி யாரும் இல்லையா?” என்று கேட்பார். பிள்ளைகள் ஓவென்று கத்தும். அவர் நிம்மதியாக ஓட்டுவார். ஊரில் அத்தனை பிள்ளைகளுக்கும் பிடித்த டிரைவர் என்று நீ பெருமைப்பட்டாய். வீட்டில்கூட அப்படித்தான். நான் அடுப்படியில் சத்தமில்லாமல் இருந்தால், “இருக்கறியா?” என்று குரல் வரும். எங்கே போவேன் என்று எரிந்து விழுவேன். இதையெல்லாம் நான் ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பார்க்கவில்லை.

நீ காலேஜ் ஹாஸ்டலில் இருந்தபோது நம் தெருக்கோடி வீட்டுப் பெரியவர் இறந்தார். உன் அப்பாவுக்கு நல்ல பழக்கம். பந்தல் போடுவதிலிருந்து எல்லாம் ஓடியாடிச் செய்தவர், பாடை தூக்கும்போது மட்டும் ஒதுங்கிவிட்டார். “மிலிட்டரிக்காரரு, தோள் குடுக்க மாட்டாராமா?” என்று யாரோ என் காதில் விழுகிற மாதிரியே சொன்னார்கள். சுடுகாட்டுக்குப் போய்விட்டு மத்தியானம் வந்தார். கொல்லையில் உட்கார்ந்தார், நான் தண்ணீர் மொண்டு ஊற்றினேன். “ஏங்க இப்படிப் பண்ணீங்க? ஜனங்க ஒரு மாதிரி பேசறாங்க” என்றேன். முகத்தைக் கழுவிக்கொண்டார். அப்புறம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார். நான் அதை அவர் வாயால் கேட்டபடியே எழுதுகிறேன்.

“கார்கில்ல மேல வண்டி போகாது. கோவேறு கழுதையும் ஒரு அளவுக்குத்தான். அதனால டிரைவருங்களையும் சுமை தூக்க அனுப்பிச்சாங்க. அப்படிப் போய்ட்டு எறங்கும்போது, அடிபட்ட பையன் ஒருத்தனை எங்ககிட்ட குடுத்தாங்க. வடக்கத்திப் பையன், மீசைகூட சரியா வரல. கம்பளியைக் கம்புல கட்டி, அதுல போட்டு, நான் முன்னாடி, இன்னொருத்தன் பின்னாடி. முனகிகினே வந்தான். முனகறது கேட்டா எங்களுக்குத் தெம்பு. ஒரு வளைவுல சத்தம் நின்னுடுச்சு. ஒத்தையடிப் பாதை, ஒரு பக்கம் பள்ளம், திரும்பிப் பாக்க முடியாது. தூங்கறான், தூங்கறான்னு சொல்லிகினே நடந்தோம். கீழ எறக்கி வச்சுதான் பாத்தேன்.”

சொம்பு என் கையில் அப்படியே இருந்தது. “அதுக்குத்தான் அன்னிக்குத் தொட்டில்ல...” என்று ஆரம்பித்தேன். “தண்ணி ஊத்து” என்றார். ஊற்றினேன். அதற்குப் பிறகு அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அன்றைக்குத் திருவூடல் தெருவில் நானும் ‘தூங்கிட்டான்’ என்றுதான் சொன்னேன். அந்த ஒரு வார்த்தையைத்தான் அவரால் நம்ப முடிந்திருக்காது என்று எனக்கு அப்போது எப்படித் தெரியும்? தெரிந்த பிறகு நடுத்தெருவில் திட்டியதை நினைத்து வெட்கப்பட்டேன். அவர் பெரிய வீரர் என்று உனக்குச் சொல்ல நான் இதை எழுதவில்லை. அவருக்கு மெடல் எதுவும் கொடுத்ததாகத் தெரியவில்லை, எல்லோருக்கும் கொடுப்பதைக் கொடுத்திருப்பார்கள், அது டிரங்குப் பெட்டியில் எங்கேயோ கிடக்கிறது. லாரி ஓட்டினார், சுமை தூக்கினார், திரும்பி வந்தார். வந்த பிறகும் பின்னால் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறார். நம் குடும்பத்துக்குக் கிடைத்த சண்டை இவ்வளவுதான்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். இந்த வேண்டுதல் என்னுடையது இல்லை, உன் மனைவியுடையது. இரண்டு முறை வயிற்றில் தங்காமல் போனபோது நீ புனேயில் அவளுக்கு எவ்வளவு ஆறுதல் சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. இங்கே வந்தபோது மலையைப் பார்த்து நின்று அவளாகத்தான் வேண்டிக்கொண்டாள், நான் சொல்லித் தரவில்லை. நேற்று அவளிடம், “லீவு தர மாட்டேங்கறாங்களாம்மா?” என்று கேட்டேன். அவள் குழந்தைக்குச் சட்டை மாட்டிக்கொண்டே, “அவரு இன்னும் கேக்கவே இல்ல அத்தை” என்றாள். குரலில் குறை எதுவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உன் அப்பா ஒவ்வொரு வருஷமும் கேட்டார், கிடைக்கவில்லை. நீ கேட்கவே இல்லை. உனக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசத்தை நான் வேறு எப்படிச் சொல்வது? எனக்குக் கோபம் இல்லை, கோபப்படவும் தெம்பு வேண்டும். தீபத்துக்கு ஆள் வருமா வருமா என்று பாதி வயசு பார்த்தாகிவிட்டது, அதையே மறுபடியும் என் மருமகள் பார்க்கிறாள் என்று நினைத்தால் அலுப்பாக இருக்கிறது. வீடியோவில் பார்ப்பதாகச் சொல்கிறாய். நீ வீடியோவில் வந்தால் உன் மகள் போனை நக்குகிறாள். அது முகம் என்று அவளுக்கு இன்னும் தெரியாது.

இதெல்லாம்கூட என்னை எழுத வைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் துணி காயப்போட மாடிக்குப் போனேன். உன் அப்பா அங்கே இருந்தார். என்னைப் பார்க்கவில்லை. ஒட்டடைக் குச்சியைத் தோளில் வைத்துக்கொண்டு, தண்ணீர்த் தொட்டியிலிருந்து கைப்பிடிச் சுவர் வரைக்கும் பின்பக்கமாக நடந்து பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு எட்டு வைப்பார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பார், மறுபடி நடப்பார். பேத்தியைத் தூக்கிக்கொண்டு விழுந்துவிடக் கூடாது என்று பழகிக்கொள்கிறார். நீ நேராக நடக்கச் சொன்னாயே, அது அவரால் முடியாது. அதை உன்னிடம் சொல்லவும் முடியாது. அதனால் முட்டி தேய்ந்த வயசில் பின்னால் நடக்கப் பழகுகிறார். நான் துணிக் கூடையை அங்கேயே வைத்துவிட்டுச் சத்தம் போடாமல் இறங்கி வந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து மேலேயிருந்து, “இருக்கறியா?” என்று குரல் வந்தது. இருக்கிறேன் என்றேன்.

கரும்பு நம் சம்பந்தி வீட்டு வயலில், அடி அண்ணாமலையில் நிற்கிறது. எந்த நாள் வேண்டுமானாலும் வெட்டித் தருகிறேன் என்று சத்யாவின் அப்பா சொல்லியிருக்கிறார். சேலையை நான் மஞ்சளில் நனைத்துக் காயவைத்துவிட்டேன். நீ வரவில்லை என்றால் உன் அப்பா தூக்குவார், நான் தடுக்கப் போவதில்லை, தடுத்தாலும் கேட்க மாட்டார். உனக்கு எழுதப் போகிறேன் என்று இன்று காலை அவரிடம் சொன்னேன். என்ன எழுதுவேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். வேண்டாம் என்று சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரைக்கும் போனவர் திரும்பி வந்தார்.

“எழுது. அப்பாவுக்கு முடியலன்னு மட்டும் எழுதாதே. லீவு ஒரு வாட்டி கேட்டுப் பாக்கச் சொல்லு, குடுக்கலன்னா பரவால்ல. வந்தான்னா அவன் பாட்டுக்கு முன்னாடி பாத்து நடக்கட்டும். கொழந்தை மூஞ்சியை நான் பாத்துகினே கூட வரேன்.”

அம்மா